இடிந்ததைத் திரும்பக் கட்டும் ஆங்கிலம்: மீள்கட்டுமானம் பற்றி எழுதத் தேவையான சொற்சேர்க்கைகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்களுக்கு இந்தப் பாடத்துக்கு உதாரணப் பஞ்சம் கிடையாது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பரில் வெள்ளம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். ஒவ்வொன்றும் ஓய்ந்த பிறகு யாராவது ஒருவர் ஆங்கிலத்தில் எழுத உட்காருகிறார். நிவாரண மனுவோ, தொண்டு நிறுவன அறிக்கையோ, வெளிநாட்டு நண்பருக்கு மின்னஞ்சலோ, கல்லூரித் தேர்வுக் கட்டுரையோ, ஏதோ ஒன்று. இலக்கணம் சரியாக இருக்கும், சொற்களும் சரியாக இருக்கும், ஆனால் படிக்கிறவருக்கு எங்கோ இடறும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்ற பழக்கம் இல்லாததே காரணம்.

தமிழில் இந்தப் பழக்கம் நமக்குக் கூடவே பிறந்தது. அஸ்திவாரம் போடுகிறோம், சுவர் எழுப்புகிறோம், நிலை வைக்கிறோம், கூரை வேய்கிறோம். யாரும் சுவரை வேய்வதில்லை, கூரையை நடுவதில்லை. ஆங்கிலத்திலும் இதே கண்டிப்பு உண்டு. அதற்குத் தனியாக விதி கிடையாது, கேட்டும் படித்தும்தான் வர வேண்டும். ஆனால் மீள்கட்டுமானம் போன்ற ஒரு குறுகிய பொருளுக்கு நாற்பது ஐம்பது சேர்க்கைகள் கையில் இருந்தால் போதும். அவற்றை எந்த வரிசையில், எப்படிப் படிப்பது என்பதே இந்த வழிகாட்டி. ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நோட்டில் எழுதும்போது அகராதியைப் பார்த்து ஆங்கில எழுத்துகளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்ப்பதே பாதிப் படிப்பு.

படி 1: நோட்டை நிகழ்ச்சி வரிசையில் பிரியுங்கள்

அகரவரிசையில் சொற்பட்டியல் போட வேண்டாம். எழுத உட்காரும்போது அகரவரிசை யாருக்கும் நினைவுக்கு வராது. ஒரு வீட்டுக்கு என்ன நடக்கிறதோ அந்த வரிசையில் தலைப்புப் போடுங்கள்: சேதம், இடிபாடு அகற்றலும் கணக்கெடுப்பும், பணம், கட்டுமானம், மனிதர்கள். சேதத்துக்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்குங்கள். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

படி 2: சேதத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

'டேமேஜ்' என்ற சொல்லோடு தொடங்குவோம். புயலின் பக்கம் நின்று சொன்னால் 'காஸ் டேமேஜ்'. வீட்டின் பக்கம் நின்று சொன்னால் 'சஃபர் டேமேஜ்'; அறிக்கை நடையில் 'சஸ்டெயின் டேமேஜ்'. பேச்சுவாக்கில் 'டூ டேமேஜ்' என்பதும் சரிதான். 'மேக் டேமேஜ்', 'கிவ் டேமேஜ்' இரண்டும் கூடாது. எதற்குச் சேதம் என்று சொல்ல 'டேமேஜ் டு தி ரூஃப்'. இங்கே 'ஆஃப்' வராது.

இந்தச் சொல்லைப் பன்மையாக்காதீர்கள். எத்தனை வீடு விழுந்தாலும் 'டேமேஜ்' ஒருமைதான். 'டேமேஜஸ்' என்று எழுதினால் அது நீதிமன்றம் வழங்கும் இழப்பீட்டுத் தொகையைக் குறிக்கும். 'மை ஹவுஸ் ஹேஸ் மெனி டேமேஜஸ்' என்று எழுதியவர் தன் வீட்டுக்கு நிறைய வழக்கு வெற்றி கிடைத்ததாகச் சொல்கிறார்!

அளவைச் சொல்ல 'பிக்' வேண்டாம். 'சிவியர்', 'சீரியஸ்', 'எக்ஸ்டென்சிவ்' மூன்றில் ஒன்றை எடுங்கள். மாவட்டம் முழுக்கப் பரவிய சேதம் என்றால் 'வைட்ஸ்ப்ரெட் டேமேஜ்'. தூண், உத்தரம், சுவர் போன்ற தாங்கும் பகுதிகள் பாதிக்கப்பட்டிருந்தால் 'ஸ்ட்ரக்சுரல் டேமேஜ்'. பொறியாளர் இந்தச் சொல்லைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது.

அரசுப் படிவம் என்றால் தனிக் கவனம் வேண்டும். பேரிடர் நிவாரண நிதிக்கான விதிமுறைகளில் வீடுகள் 'ஃபுல்லி டேமேஜ்ட்', 'சிவியர்லி டேமேஜ்ட்', 'பார்ஷியலி டேமேஜ்ட்' என்று பிரிக்கப்படுகின்றன. குடிசைகளுக்குத் தனி வகை. பகுதிச் சேதம் என்று கணக்கில் வரவே குறைந்தது 15 சதவீதம் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த வகை என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஆகவே மனுவில் அழகுக்காகச் சொல்லை மாற்றாதீர்கள், படிவத்தில் உள்ள சேர்க்கையை அப்படியே எழுதுங்கள். இதையே வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது 'ஃபுல்லி டேமேஜ்ட்' கொஞ்சம் விநோதமாகத் தெரியும். அவருக்கு 'கம்ப்ளீட்லி டிஸ்ட்ராய்ட்' என்று எழுதுங்கள். 'டிஸ்ட்ராய்ட்' என்பது முற்றும் அழிந்ததைக் குறிப்பதால் அதன் முன் 'ஸ்லைட்லி' வராது. லேசான அழிவு என்று தமிழிலும் சொல்வதில்லையே. இனிச் செப்பனிடவே முடியாது என்றால் 'பியாண்ட் ரிப்பேர்'.

அடுத்தது வினைகள். கூரை பறந்தது: 'ப்ளோன் ஆஃப்'. மரம் வேரோடு சாய்ந்தது: 'அப்ரூட்டட்'. தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்ததை எழுத இந்த ஒரு சொல் போதும். பாலத்தையோ படகையோ வெள்ளம் அடித்துக்கொண்டு போனது: 'வாஷ்ட் அவே' அல்லது 'ஸ்வெப்ட் அவே'. வயல் மூழ்கியது: பேச்சில் 'ஃப்ளடட்', அறிக்கையில் 'இனன்டேட்டட்'. கரை உடைந்தது: 'பிரீச்ட்'.

சுவர் இடிந்து விழுந்தது: 'தி வால் கொலாப்ஸ்ட்'. இதில் 'வாஸ்' சேர்க்கவே கூடாது. நம் ஊர் மனுக்களில் பத்துக்கு எட்டில் 'வாஸ் கொலாப்ஸ்ட்' இருக்கும் என்று பந்தயமே கட்டலாம். சுவர் தானாக விழுந்தது. அதை யாரும் 'கொலாப்ஸ்' செய்யவில்லை. அதிகாரிகளே இடித்தார்கள் என்றால் சொல் வேறு: 'வாஸ் டெமாலிஷ்ட்'. இதற்கு 'வாஸ்' தேவை.

தரைமட்டமாக்கியதைச் சொல்ல மூன்று சேர்க்கைகள் உண்டு. மூன்றுக்குமே நம் கடற்கரையில் சான்று இருக்கிறது.

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். வேண்டுமென்றே ஒன்றும் மிஞ்சாமல் இடிப்பதற்கு 'ரேஸ்ட் டு தி கிரவுண்ட்'. 1763 பாரீஸ் உடன்படிக்கைக்குப் பிறகு நகரம் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. 1765 முதல் பிரெஞ்சு ஆளுநர் லா த லொரிஸ்தோன் அதைத் திரும்பக் கட்டினார். இன்று நாம் சுற்றிப் பார்க்கும் வெள்ளை நகரமே ஒரு மீள்கட்டுமானம்தான். உயர்த்துவது என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே ஒலிதான், எழுத்துதான் வேறு. அகராதியைப் பார்க்காமல் எழுதினால் தரைமட்டமான ஊர் எழுந்து நின்றுவிடும்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுப் படை கைப்பற்றி இடித்தது. இன்று அங்கே இடிபாடுகள்தான் மிச்சம். நெடுங்காலமாக இடிபாடாகக் கிடப்பதைச் சொல்ல 'லை இன் ரூயின்ஸ்'.

நேற்று இடிந்து இன்று கல்லும் மண்ணுமாகக் குவிந்து கிடப்பதற்கு 'ரெட்யூஸ்ட் டு ரப்பிள்'. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நின்ற நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்ததைச் சொல்ல இதுவே ஏற்றது. அந்தக் கட்டடம் நமக்கு இன்னொரு முறை உதவப்போகிறது.

படி 3: அள்ளுங்கள், அளவெடுங்கள்

இடிபாடுகளை அகற்றுவது 'கிளியர் தி டெப்ரி'. கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது, பன்மையும் ஆக்கக் கூடாது. 'ரப்பிள்' என்றால் கட்டட இடிபாடு மட்டும். 'டெப்ரி' என்பதில் மரக்கிளை, தகரம், படகுப் பலகை எல்லாம் அடங்கும்.

சேதத்தை மதிப்பிடுவது 'அசெஸ் தி டேமேஜ்'. கணக்கெடுப்பு நடத்துவது 'கேரி அவுட் எ சர்வே' அல்லது 'கண்டக்ட் எ சர்வே'. 'டேக் எ சர்வே' என்று எழுதினால் கணக்கெடுப்பில் நீங்கள் பதில் சொன்னதாக ஆகிவிடும்.

மின்சாரம் திரும்ப வந்ததை எழுதும்போது 'கரண்ட் கேம்' என்று கை தானாக ஓடும். அடக்குங்கள். 'பவர் வாஸ் ரிஸ்டோர்ட்' என்பதே சேர்க்கை. குடிநீருக்கும் தொலைபேசிக்கும் இதே வினைதான்: 'ரிஸ்டோர் வாட்டர் சப்ளை', 'ரிஸ்டோர் கனெக்டிவிட்டி'. தானேவுக்குப் பிறகு பல கிராமங்களில் விளக்கெரிய வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களின் ஆங்கில நாளிதழ்களைப் புரட்டினால் இந்த ஒரு வினை எத்தனை முறை வருகிறது என்று தெரியும். இயல்பு நிலை திரும்பியதற்கு நம் நாளிதழ்கள் 'நார்மல்சி' என்று எழுதுகின்றன. பிற நாட்டு வாசகர்களுக்கு 'லைஃப் ரிட்டர்ன்ட் டு நார்மல்' பழக்கமானது.

படி 4: ஆறு வினைகளைப் பிரித்து அறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். 'மறுபடி சரிசெய்தார்கள்' என்று தமிழில் ஒரே வீச்சில் சொல்வதை ஆங்கிலம் ஆறாகப் பிரிக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரே கேள்விதான்: வேலை தொடங்கும்போது பழையதில் எவ்வளவு மிச்சம் இருந்தது?

ஏறக்குறைய எல்லாம் இருந்தது, ஒரு பகுதிதான் பழுது என்றால் 'ரிப்பேர்'. கூரை, சாலை, வலை, படகு, ஏரிக்கரை எல்லாவற்றுக்கும் ஆகும். 'கேரி அவுட் ரிப்பேர்ஸ்' என்று எழுதலாம். இங்கே பன்மை சரி.

கட்டடம் நன்றாகவே நிற்கிறது, பழசாகிவிட்டது, புதுப்பிக்கிறார்கள் என்றால் 'ரெனவேட்'. வேலை நடந்துகொண்டிருந்தால் 'அண்டர்கோயிங் ரெனவேஷன்'. திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் போன்ற தலங்களில் திருப்பணி நடக்கும்போது ஆங்கில நாளிதழ்கள் 'ரெனவேஷன் ஒர்க்' என்றுதான் எழுதுகின்றன. பழைய கல்வெட்டையும் சுதையையும் கெடாமல் காப்பாற்றும் வேலையாக இருந்தால் 'கன்சர்வேஷன்' என்பதே மரியாதை. பழங்காலத் தூணுக்கு எண்ணெய் வண்ணம் அடிப்பதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

பழையது இருக்கிறது, அதை முன்பிருந்த நிலைக்கே கொண்டுவருகிறார்கள் என்றால் 'ரிஸ்டோர்'. புதுச்சேரி தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீடுகளின் முகப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. இதை எழுத 'ஃபெய்த்ஃபுல்லி ரிஸ்டோர்ட்' அல்லது 'பெயின்ஸ்டேக்கிங்லி ரிஸ்டோர்ட்' பொருந்தும். 'ரிஸ்டோர்ட் டு இட்ஸ் ஃபார்மர் க்ளோரி' என்ற சேர்க்கையும் உண்டு. சுற்றுலாக் கையேடுகள் அதைத் தேய்த்துத் தேய்த்து மெருகு போக்கிவிட்டன. அதைத் தொடாமல் எழுத முயலுங்கள்.

நிற்கும் கட்டடத்துக்குப் புயலையும் நிலநடுக்கத்தையும் தாங்கும் வலுவைச் சேர்த்தால் 'ரெட்ரோஃபிட்'. பொறியியல் சொல், பொதுக் கட்டுரையில் வந்தால் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

ஒன்றும் மிச்சமில்லை, திரும்பக் கட்டுகிறார்கள் என்றால் 'ரீபில்ட்'. அடியிலிருந்து முழுதும் என்றால் 'ரீபில்ட் ஃப்ரம் ஸ்க்ராட்ச்'. ஆறில் மிகவும் இளகிய வினை இது. வீடு மட்டுமல்ல, வாழ்க்கை, நம்பிக்கை, பொருளாதாரம் எல்லாம் இதற்குள் வரும்: 'ரீபில்ட் லைவ்ஸ்', 'ரீபில்ட் ட்ரஸ்ட்', 'ரீபில்ட் தி எகானமி'. இறந்தகாலத்தில் கடைசி எழுத்து மாறும். தமிழ் எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட முடியாததால் அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றும் மிச்சமில்லை, ஆனால் வரைபடம், புகைப்படம், ஆவணம் ஆகியவற்றை வைத்துப் பழையதைப் போலவே எழுப்புகிறார்கள் என்றால் 'ரீகன்ஸ்ட்ரக்ட்'. இங்கேதான் மேரி கட்டடம் திரும்ப வருகிறது. அதை 'ரெனவேட்' செய்தார்கள் என்று எழுதினால் தவறு, ஏனென்றால் 2014-க்குப் பிறகு அங்கே புதுப்பிக்கக் கட்டடமே இல்லை. 'ரிஸ்டோர்' என்பதும் முழுசாகப் பொருந்தாது. பழைய தோற்றத்திலேயே அதே இடத்தில் புதிதாக எழுப்பினார்கள். உலக வங்கி நிதியுதவி பெற்ற கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தின் கீழ் வேலை நடந்து, 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இதை ஒரே வாக்கியத்தில் எழுதுவதானால்: 'தி பில்டிங் வாஸ் ரீகன்ஸ்ட்ரக்டட் ஆன் தி சேம் சைட், ட்ரூ டு இட்ஸ் ஒரிஜினல் டிசைன்'. 'ஆன் தி சேம் சைட்' என்பதில் 'இன்' வராது என்பதைக் கவனியுங்கள்.

ஆதாரங்களை வைத்துத் திரும்ப உருவாக்குவது என்ற இந்தப் பொருளால்தான் காவல்துறைச் செய்திகளில் 'ரீகன்ஸ்ட்ரக்ட் தி க்ரைம் சீன்' என்றும், 'ரீகன்ஸ்ட்ரக்ட் தி சீக்வன்ஸ் ஆஃப் ஈவென்ட்ஸ்' என்றும் வருகிறது. 'போஸ்ட்-வார் ரீகன்ஸ்ட்ரக்ஷன்' போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பு. வெறுமனே 'தி ரீகன்ஸ்ட்ரக்ஷன்' என்று வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்தால் அது அமெரிக்க உள்நாட்டுப் போரை அடுத்து 1877 வரை நீண்ட காலகட்டம். கட்டடத்தைத் தேட வேண்டாம்.

படி 5: பணம் பேசும் ஆங்கிலம்

இதில் நீட்ட ஒன்றுமில்லை. நிதி ஒதுக்குவது 'அலொகேட் ஃபண்ட்ஸ்', விடுவிப்பது 'ரிலீஸ் ஃபண்ட்ஸ்', திரட்டுவது 'ரெய்ஸ் ஃபண்ட்ஸ்'. ஒப்பந்தப்புள்ளி கோருவது 'இன்வைட் டெண்டர்ஸ்', ஒப்பந்தம் அளிப்பது 'அவார்ட் எ கான்ட்ராக்ட்'. இழப்பீடு கேட்பது 'கிளெய்ம் காம்பன்சேஷன்', கொடுப்பது 'பே காம்பன்சேஷன்'. இன்ன செலவில் என்பதற்கு 'அட் எ காஸ்ட் ஆஃப்'.

வெளிநாட்டு அமைப்புக்கு எழுதுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். நம் அலுவலகங்களில் 'சாங்ஷன்' என்றால் அனுமதி, மகிழ்ச்சியான செய்தி. வெளியே அந்தச் சொல் பெரும்பாலும் தடை, தண்டனை என்றே காதில் விழும். ஆகவே 'அப்ரூவ்' என்று எழுதுங்கள். லட்சம், கோடிக் கணக்கை மில்லியனுக்கு மாற்றுங்கள்: பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன்.

படி 6: கட்டத் தொடங்குங்கள்

அடிக்கல் நாட்டுவது 'லே தி ஃபவுண்டேஷன் ஸ்டோன்'. தமிழில் நாட்டுகிறோம் என்பதால் ஆங்கிலத்திலும் நடும் வினையைத் தேடாதீர்கள். வேலை தொடங்கி நடக்கிறது: 'ஒர்க் இஸ் அண்டர் வே'. கட்டடம் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது: 'அண்டர் கன்ஸ்ட்ரக்ஷன்'. தாமதம்: 'பிஹைண்ட் ஷெட்யூல்'. இந்தக் கடைசிச் சேர்க்கையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அடிக்கடி தேவைப்படும்.

தரைமட்டத்தை உயர்த்திக் கட்டுவது 'ரெய்ஸ் தி ப்ளிந்த் லெவல்'. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் அடுத்த வீட்டைக் கட்டும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள். புயலைத் தாங்கும் வீட்டுக்கு 'சைக்ளோன்-ரெசிஸ்டன்ட்' என்று எழுதுங்கள். 'சைக்ளோன்-ப்ரூஃப்' என்றால் எந்தப் புயலாலும் அசைக்கவே முடியாது என்ற உறுதிமொழி. பொறியாளர்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

இந்தத் துறையில் அதிகம் அடிபடும் தொடர் 'பில்ட் பேக் பெட்டர்'. முன்பைவிட வலுவாகத் திரும்பக் கட்டுவது என்ற கருத்து. 2004 சுனாமிக்குப் பிறகு ஐ.நா.வின் சிறப்புத் தூதராக இருந்த பில் கிளின்டன் வழியாக இது பரவியது. 2015-இல் ஏற்கப்பட்ட செண்டாய் பேரிடர் அபாயக் குறைப்புச் செயல்திட்டத்திலும் இடம்பெற்றது. அறிக்கையில் ஒருமுறை எழுதலாம். பக்கத்துக்குப் பக்கம் எழுதினால், என்ன வலுப்படுத்தினீர்கள் என்று படிப்பவர் கேட்பார். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.

படி 7: மனிதர்களை மறக்காதீர்கள்

வீட்டை 'ரீபில்ட்' செய்கிறோம், குடும்பத்தை 'ரீசெட்டில்' அல்லது 'ரிஹாபிலிடேட்' செய்கிறோம். வீடிழந்து வேறிடம் போனவர்கள் 'டிஸ்ப்ளேஸ்ட் ஃபேமிலிஸ்'. அவர்களை 'ரெஃப்யூஜிஸ்' என்று எழுத வேண்டாம். அது துன்புறுத்தலுக்கோ போருக்கோ அஞ்சி நாட்டு எல்லையைக் கடந்தவர்களுக்கான சட்டச் சொல். 'டெம்பரரி ஷெல்டர்' தற்காலிகக் கொட்டகை, 'பெர்மனென்ட் ஹவுசிங்' நிரந்தர வீடு. 'ஹவுசிங்' என்பதற்கும் பன்மை கிடையாது. மீனவருக்குப் படகும் வலையும் திரும்பக் கிடைப்பது 'ரிஸ்டோர் லைவ்லிஹுட்ஸ்'. சுனாமிக்குப் பிந்தைய ஆங்கில அறிக்கைகளில் இது வராத பக்கம் குறைவு.

படி 8: ஒரு மனுவைப் பிரித்துக் கட்டிப் பாருங்கள்

ஒரு மனு இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'டியூ டு சைக்ளோன் மை ஹவுஸ் வாஸ் கொலாப்ஸ்ட் அண்ட் பிக் டேமேஜஸ் ஹேப்பன்ட் இன் ரூஃப். ஐ வான்ட் டு ரிப்பேர் தி ஹவுஸ் ஃபுல்லி.'

எங்கெங்கே இடறுகிறது என்று நீங்களே அடிக்கோடிடுங்கள். 'வாஸ்' வேண்டாதது. 'பிக் டேமேஜஸ்' என்பதில் இரண்டு சொல்லுமே பிசகு. சேதம் 'ஹேப்பன்' ஆவதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு கடைசி வாக்கியத்தில்: முழுவதும் விழுந்த வீட்டை 'ரிப்பேர்' செய்யப் பணம் கேட்டால், வீடு நிற்கிறது போலும் என்று அலுவலர் நினைக்க நீங்களே இடம் கொடுக்கிறீர்கள்.

திருத்தியது: 'மை ஹவுஸ் சஃபர்ட் சிவியர் டேமேஜ் இன் தி சைக்ளோன். தி ரூஃப் வாஸ் ப்ளோன் ஆஃப் அண்ட் தி வால்ஸ் கொலாப்ஸ்ட். இட் இஸ் பியாண்ட் ரிப்பேர் அண்ட் வில் ஹேவ் டு பி ரீபில்ட்.' மூன்றே சிறிய வாக்கியங்கள். என்ன ஆனது, எப்படி ஆனது, என்ன வேண்டும் என்பது வரிசையாக இருக்கிறது. அரசுக்கு அனுப்புவதானால், வீடு எந்த வகையில் வருகிறதோ அந்தச் சேர்க்கையைப் படிவத்தில் உள்ளபடி முதல் வாக்கியத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

இதே முறையில் நீங்கள் எழுதிப் பார்க்க ஒரு பொருள் தருகிறேன். புதுச்சேரியின் பழைய கடற்பாலம் 1952 புயலில் அழிந்தது. சில தூண்களின் அடிப்பகுதிதான் மிஞ்சியது. 'டிஸ்ட்ராய்ட்', 'ஆல் தட் ரிமெய்ன்ஸ்', 'நெவர் ரீபில்ட்' ஆகிய மூன்றையும் பயன்படுத்தி நான்கு வாக்கியம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் 'வாஸ்' வந்த இடங்களை மட்டும் ஒருமுறை திரும்பப் பாருங்கள். 'டிஸ்ட்ராய்ட்' முன்னும் 'நெவர் ரீபில்ட்' முன்னும் அது இருக்க வேண்டும். 'ரிமெய்ன்ஸ்' பக்கத்தில் இருந்தால் அடித்துவிடுங்கள்.